பழனிப் பாதயாத்திரை: வெறுங்காலா, செருப்பா, ஷூவா?

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். முதல் நாள் தொடை வலிக்கும், மறுநாள் இடுப்பு பிடிக்கும். இரண்டும் நடக்க நடக்கப் பழகிவிடும். பாதம் அப்படிப் பழகுவதில்லை. முதல் நாள் விழுந்த சிறு சிராய்ப்பு மூன்றாம் நாள் நடையையே கோணலாக்கிவிடும் என்பதால், காலில் எதை அணிவது என்பதைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முடிவு செய்வது நல்லது. வெறுங்காலோடும், ரப்பர் செருப்போடும், ஷூவோடும் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவன் என்ற முறையில் இம்மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

வெறுங்காலின் அனுகூலம் பலர் நினைப்பதைவிடப் பெரிது. தோலின் மேற்புறம் செருப்போடோ காலுறையோடோ ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசையும்போது, தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்வதையே கொப்புளம் என்கிறோம். வியர்வையில் ஊறிய தோலில் இது விரைவில் நேர்கிறது. வெறுங்காலில் உரசுவதற்கு வாரும் இல்லை, விரலிடுக்கு ஊறுவதும் இல்லை. ஆனால் விடியற்காலைப் பனியில் சில்லென்றிருக்கும் அதே தார்ச்சாலை பத்து மணிக்கு மேல் உள்ளங்காலைச் சுடத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அடியார்கள் வரிசையாகச் சாலையோர வெள்ளைக்கோட்டின்மேல் நடப்பதைக் காணலாம்; வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பிவிடுவதால் கருந்தாரைவிட அங்கே சூடு குறைவு. கோட்டைவிட்டு மண்ணில் இறங்கினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். நான் வெறுங்காலோடு நடந்த ஆண்டில் ஒடிந்த முள் நுனி ஒன்று குதிகாலில் தங்கிவிட, அந்தக் காலை ஊன்றாமல் மற்றக் காலுக்கே பாரத்தைக் கொடுத்து நடந்ததில், முள் குத்தாத காலின் முழங்கால்தான் கடைசிவரை வலித்தது. நேர்த்திக்கடனாக வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் கரடுமுரடான தரையில் நடந்து தோலை உரமேற்றிக்கொள்ளுங்கள், பயணத்தில் இரவும் விடியலும் நடந்து, பகலில் பந்தலில் படுத்துவிடுங்கள்.

ரப்பர் செருப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலை குறைவு, காற்றோட்டம் உண்டு, நனைந்தால் உடனே காய்ந்துவிடும். ஆயினும் ஒவ்வோர் அடியிலும் செருப்பு நழுவாதபடி விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டியிருப்பதால் உள்ளங்கால் தசைகளும் கெண்டைக்காலும் ஓயாமல் உழைக்கின்றன. பெருவிரலிடுக்கில் வார் அறுத்துப் புண்ணாகிறது. பத்துக் கிலோமீட்டருக்கு ஏற்ற செருப்பு நூறு கிலோமீட்டருக்கு ஏற்றதன்று.

முதல்முறை நடப்பவர்களுக்கு நான் ஷூவையே பரிந்துரைப்பேன். ஆனால் பாதயாத்திரைக்கென்று வாங்கிய புது ஷூவைப் புறப்படும் காலையில் மாட்டிக்கொள்வதைவிட வெறுங்காலே மேல். நாள் முழுதும் நடந்தால் பாதம் வீங்கும். ஆகையால் ஷூவை மாலை நேரத்தில், வழக்கமான அளவைவிட ஓரளவு பெரியதாக வாங்கி, குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்திருக்க வேண்டும். முன்பக்கம் இடமில்லாத ஷூவில் விரல்நுனி இடித்து இடித்து நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுத்துப்போகும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால் மெல்லிய செயற்கை இழைக் காலுறை சிறந்தது. நண்பகலில் அதையும் மாற்ற வேண்டும். வழக்கமாகக் கொப்புளம் வரும் இடங்களில் மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 250 கிலோமீட்டர் தூரத்தைப் பல நாட்களில் ஓடிக் கடந்தவர்களின் பாதத்தில் இது ஒட்டப்பட்டபோது கொப்புளங்கள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. ஷூவுக்கும் குறை உண்டு. அன்னதானப் பந்தல்தோறும் கழற்றி மாட்ட வேண்டும். பழனி அடிவாரத்தில் அதை விட்டுவிட்டு எழுநூறு படிகளுக்குச் சற்றுக் குறைவான மலைப்பாதையில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். அத்தனை நாள் ஷூவுக்குள் வெந்து மென்மையான பாதத்துக்கு வெயிலேறிய கற்படி கொடுமையானது. ஷூ அணிந்து வந்தவர்கள் பொழுது விடியுமுன்பே மலையேறிவிடுவது நல்லது.

எதை அணிந்தாலும் கொப்புளம் வரக்கூடும். அதைக் குத்தலாமா, விட்டுவிடலாமா என்ற விவாதம் ஒவ்வொரு பந்தலிலும் நடக்கும். சிறியதாக, மிதிபடாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுவதே சரி. மேல்தோலைவிடச் சிறந்த கட்டு வேறில்லை. குதிகாலிலோ விரலடியிலோ பெரிதாகப் புடைத்து, அடியெடுத்து வைக்கவே முடியாதபோது, சோப்பிட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் மூடிக் கட்டலாம். சட்டையில் மாட்டியிருந்த ஊக்கால் குத்துவதையும், துளையில் நூலைக் கோத்து விடுவதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த நூல் வழியாகவே அழுக்கு உள்ளே போகிறது.

கொப்புளத்தின் எரிச்சலையும் உள்ளங்கால் கடுப்பையும் தாங்கிக்கொண்டு நடக்கலாம். பாதத்தின் மேற்புறத்தில் விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்து, அங்கே வீக்கமும் கண்டு, அடிக்கு அடி வலி கூடினால் அது எலும்பில் விழுந்த கீறலாக இருக்கலாம். அதோடு நடப்பது பக்தியாகாது, பேருந்தில் ஏறி மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களோ, வலியே தெரியாமல் புண்ணோடு நடந்துவிடுவார்கள். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. வெறுங்கால் வேண்டுதலும் அவர்களுக்கு வேண்டாம். கூட வருகிறவர்கள் ஒவ்வொரு பந்தலிலும் அவர்களுடைய உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்.