தகடு அசல், என்ஜின் வேறு: 1963 எம்ஜிபி காரில் நான் ஏமாந்த விதம்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே மீட்டெடுக்க நினைப்பவர்கள், பட்டறையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கிலாந்தில் வசிக்கும் நான், ஆபிங்டன் தொழிற்சாலையில் 1963ஆம் ஆண்டு தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை, துருவேறிக் கிடந்தாலும் முக்கியப் பாகங்கள் எல்லாம் அதனுடையவையாகவே இருந்த நிலையில் வாங்கி, இத்தகைய கார்களுக்கென்றே இயங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். பதினான்கு மாதம் கழித்து அது பளபளவென்று திரும்பி வந்தது.

நானும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுத்துவிடவில்லை. கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, கார் தயாரான தேதி, நிறம், உள்ளலங்காரம், என்ஜின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு சான்றிதழ் தருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கும் சிறு தகட்டின் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். '18ஜி' என்று தொடங்கும் அந்த எண் அப்படியே பொருந்தியதால், மீதித் தொகையை அன்றே வங்கி வழியாக அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, பழைய கார்க்காரர்கள் கூடும் ஓர் இடத்தில், பெரியவர் ஒருவர் என் அனுமதியுடன் துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றை பானெட்டின் மீது வைத்தார். அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. அந்தக் கால எம்ஜிபியின் பானெட் அலுமினியத்தால் ஆனது, இரும்புக்கு மாறியது ஏறத்தாழ 1970இல்தான் என்று அவர் சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு அதே காந்தத்தைப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தார். இரும்பு இருக்க வேண்டிய அந்த இடத்தில், அடியில் பூசியிருந்த புட்டியின் கனத்தால், அது நிற்காமல் அவர் கையிலேயே விழுந்தது. என்ஜின் தகட்டையும் குனிந்து பார்த்தவர், பிளாக் முழுவதும் பெயின்ட் அடித்திருக்க, ரிவெட்டுகள் மட்டும் பெயின்ட் படாமல் புதிதாக மின்னுவதைக் காட்டிவிட்டு, என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த வாரம் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எண்ணெயை வடித்துச் சம்பைக் கழற்றினோம். 1962 முதல் 1964 அக்டோபர் வரை வந்த எம்ஜிபி என்ஜின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங்குகளே தாங்கும். அதன் பிறகுதான் அவை ஐந்தாயின. நான் கையில் டார்ச்சுடன் தரையில் படுத்து எண்ணியபோது ஐந்து பேரிங் மூடிகள் இருந்தன. அதாவது, என் காரின் தகடு அசல். அது ஒட்டியிருந்த பிளாக் வேறு ஏதோ காருடையது.

பட்டறை முதலாளியிடம் கேட்டபோது, பழைய பிளாக்கில் விரிசல் இருந்ததாகவும், ஐந்து பேரிங் என்ஜின் அதைவிட உறுதியானது என்பதால் எனக்கு நல்லதே செய்திருப்பதாகவும் கூறினார். உறுதியானது என்பதில் பொய்யில்லை. தினமும் ஓட்டுவதற்கு நானே அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் விரிசல் விட்ட பிளாக் எங்கே, அலுமினிய பானெட் எங்கே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தகட்டைப் பெயர்த்து ஒட்டியது ஏன் என்ற கேள்விகளுக்கு, 'கழித்த பாகங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன' என்ற ஒரே பதில்தான் வந்தது.

எங்கள் ஒப்பந்தத்தில் 'தொழிற்சாலை நிலைக்கு மீட்டெடுத்தல்' என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும், கழற்றிய பாகங்கள் எல்லாம் எனக்கே திரும்ப வர வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்திருந்தால், அவர் இவ்வளவு எளிதாகப் பேசியிருக்க முடியாது. தொகையில் ஒரு சிறு பங்கையாவது கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்குக் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கியிருக்கலாம். அந்த வழியையும் நானே அடைத்துக்கொண்டேன். 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு வழக்கு முறையில் வழக்குத் தொடரப் போவதாகக் கடிதம் அனுப்பிய பிறகே, கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது அந்தத் தகட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மூன்று பேரிங் உள்ள எம்ஜிபி பிளாக் எதையாவது, தகடு இல்லாமல் ரிவெட் துளைகள் மட்டும் தெரியும் நிலையில் யாரேனும் விற்கக் கண்டால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.