தலைக்காயத்துக்கு இழப்பீடு: பேசி முடிப்பதா, ஆணையரிடம் மனுச் செய்வதா?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரின் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன: ஒப்பந்ததாரர் தரும் தொகையை வாங்கிக்கொண்டு பேசி முடிப்பது, அல்லது தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்வது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள் அதன் வழியாகவே ஊன உதவித்தொகை பெற வேண்டும்.

பேசி முடித்தால் பணம் உடனே கைக்கு வரும். ஆனால் தலைக்காயம் கை முறிவைப் போன்றதன்று. முதல் நாள் சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், மூளையுறைக்குக் கீழே மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தே தெரியவரலாம். மறதியும் தலைச்சுற்றலும், கொத்தனார் மறுபடி சாரத்தில் ஏறி நிற்கும்போதுதான் வெளிப்படக்கூடும். அதற்குள் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆணையரிடம் செல்வதில் அலைச்சலும் தாமதமும் உண்டு. எனினும் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்து, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடரும் முறைப்படி, முழுமையான நிரந்தர ஊனத்துக்கு மாதக் கூலியின் 60 சதவீதத்தை வயதுக்கேற்பச் சட்டப் பட்டியலில் தரப்பட்ட எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. முதலாளி ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். மருத்துவச் செலவு இழப்பீட்டில் கழிக்கப்படாமல் தனியே தரப்பட வேண்டியது என்பதால், அதற்காக அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டியதில்லை.

எனவே மனுச் செய்வதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். அரசு இராசாசி மருத்துவமனையில் சேர்த்திருந்தால், விபத்துப் பதிவேட்டில் 'வேலையின்போது விழுந்தார்' என்று எழுதப்பட்டுள்ளதா என அன்றே பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.