குட்ரீட்ஸ்: நட்சத்திரத்தை விடுங்க, ஷெல்ஃபைப் பாருங்க

யார் என்ன படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் குட்ரீட்ஸுக்குள் போகிறோம். போனதும் அது நம்மை உட்காரவைத்து மார்க் போடச் சொல்கிறது. என் பாராட்டும் புகாரும் இதுக்குள்ளேயே அடங்கிவிடும். படித்த புத்தகங்களைப் பட்டியல் போட்டு, அஞ்சுக்கு இத்தனை நட்சத்திரம் என்று மார்க் போட்டு, நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் தளம் இது; 2007இல் தொடங்கி, 2013இல் அமேசான் கைக்குப் போனது. இன்றைக்கும் பார்க்கப் பழசாகத்தான் இருக்கிறது, அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

இங்கே புத்தகப் பட்டியலுக்கு ஷெல்ஃப் என்று பெயர். இதில் உருப்படியான இடம் ‘இப்போது படிப்பவை’ ஷெல்ஃப்தான். புத்தகத்தை அதில் போட்டுவிட்டு எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்று அப்டேட் செய்யும்போது கூடவே ரெண்டு வரி எழுதலாம். நீளமான விமர்சனங்களைவிட இந்த ரெண்டு வரிகளை நான் அதிகம் நம்புவேன். ‘120ஆம் பக்கம், கதை இன்னும் கிளம்பவே இல்லை, அந்தக் கிழவிக்காகப் படிக்கிறேன்’ என்று ஒருத்தர் போட்டால் அவர் ரசனை அங்கேயே தெரிந்துவிடுகிறது: அவருக்குக் கதை ஓடணும் என்பதில்லை, ஆள் உயிரோடு இருந்தால் போதும். முடித்த பிறகு எழுதும்போது இது பாதி காணாமல் போய்விடும், ஏனென்றால் அதற்குள் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்திருப்போம். மாசக்கணக்காக அதே 60ஆம் பக்கத்தில் நிற்கும் புத்தகமும் ஒரு விமர்சனம்தானே.

அப்புறம் வெப்சைட்டில் நண்பரின் பக்கத்துக்குப் போனால் இருவர் படித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. அதில் ரெண்டு பேருக்கும் பிடித்ததைத் தேடாதீர்கள், ஊருக்கே பிடித்தது நமக்கும் பிடித்திருப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது. நீங்கள் 5 போட்டதுக்கு அவர் 2 போட்டிருக்கிறாரா, அங்கே நில்லுங்கள். ஏன் என்று கேட்டால் அடுத்து என்ன படிக்கலாம் என்பதற்கு நல்ல யோசனை கிடைக்கும், சண்டையும் கிடைக்கலாம்.

நட்சத்திரக் கணக்குதான் சொதப்பல். அரை நட்சத்திரம் கிடையாது. தளத்தின் சொந்தக் கணக்கில் 2 என்றால் ‘பரவாயில்லை’, 3 என்றால் ‘பிடித்திருந்தது’. இது பாதிப் பேருக்குத் தெரியாது, 3 போட்டால் எழுதியவரைத் திட்டியது மாதிரி நினைக்கிறார்கள். அதனால் எல்லோரும் 4, 5 என்று அள்ளிப் போட, சராசரியைப் பார்த்தால் நல்ல புத்தகமும் சுமாரான புத்தகமும் ஒரே மாதிரி 3.9இல் நிற்கின்றன. புத்தகம் வெளிவருவதற்கு முன்னாலேயே மார்க் போடவும் முடிந்தது. 2023இல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவைக் களமாக வைத்து எழுதிய நாவலை யாருமே படித்திராத நிலையில் நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன, அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். அந்த எதிர்ப்புக்குப் பின்னால் உக்ரைன் போர் சம்பந்தப்பட்ட உண்மையான கோபம் இருந்தது, சரி, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் படித்தவர்கள் மார்க் போடும் பெட்டியா?

வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்கும் சேலஞ்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் எல்லோர் ஷெல்ஃபும் ஒல்லியான புத்தகங்களாக மாறுவதைப் பார்த்தாலே புரியும்.

மாற்று வேண்டுமென்றால் நாடியா ஒடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃப் இருக்கிறது. அதில் கால் நட்சத்திரம் வரை போடலாம். பாதியில் விட்ட புத்தகத்துக்குத் தனி இடம் உண்டு, விட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதை மெதுவா வேகமா, சம்பவங்களால் நகர்கிறதா பாத்திரங்களாலா என்றெல்லாம் கேட்கிறது, ரசனையைச் சொல்ல 4.25ஐவிட இது எவ்வளவோ தேவலை. சேர்ந்து படிக்கும் வசதியில், நண்பர் 200ஆம் பக்கத்தில் எழுதியது நாம் அந்தப் பக்கத்தை எட்டும்வரை பூட்டியே இருக்கும். இதைத்தான் குட்ரீட்ஸ் என்றைக்கோ செய்திருக்க வேண்டும். என்ன, நமக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள், ஆளில்லாத இடத்தில் எந்த வசதி இருந்து என்ன பண்ண.

அதனால் ரெண்டிலும் கணக்கு வைத்துக்கொள்வதே என் யோசனை. குட்ரீட்ஸில் நண்பர்களைக் கொஞ்சமாக வையுங்கள், நிஜமாகவே படிக்கிறவர்களாக வையுங்கள். பட்டியலை அங்கிருந்து ஃபைலாக எடுத்து ஸ்டோரிகிராஃபில் ஏற்றிவிடலாம். அதைக் கம்ப்யூட்டரில் வெப்சைட் வழியாகச் செய்யுங்கள், ஆப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.