நீல ஸ்டாஃபி குட்டிக்குக் காசு எடுத்து வைத்திருக்கிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது ஸ்டாஃபி என்று செல்லமாகச் சொல்லும் ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் நாய்க்குட்டி தேடிக்கொண்டிருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். 2021 மார்ச்சில் 1,500 பவுண்டு கொடுத்து ஏமாந்தவன் நான். அன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள், அந்தக் குட்டி பட்ட பாடும் அதைப் பார்த்து என் மகள் அழுததும்தான் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருப்பது வுல்வர்ஹாம்ப்டனில். இந்த நாய் பிறந்த மண்ணே இதுதான், பிளாக் கன்ட்ரி என்று சொல்லும் பழைய நிலக்கரி, இரும்புப் பட்டறை வட்டாரம். கட்டிப்போட்ட காளை மேல் நாயை ஏவிவிட்டுப் பந்தயம் கட்டுவதை 1835ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், அப்புறம் அதே நாய்கள் ரகசியமாக நாய்ச்சண்டைக்குப் போயின. சரியாக நூறு வருஷம் கழித்து, 1935ல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்து அமைப்பான கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. வளர்ப்பவர்கள் கூடிச் சங்கம் ஆரம்பித்தது கிராட்லி ஹீத்தில் ஒரு மதுக்கடையில், எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு கிழட்டு ஸ்டாஃபி இருந்தது. செங்கல் மாதிரித் தலை, பீப்பாய் மாதிரி நெஞ்சு, ஆனால் என் மகளைப் பார்த்தால் வாயைக் காது வரை பிளந்து சிரிக்கும். அதைப் பார்த்துத்தான் இவளுக்கு ஆசை. இணையத்தில் தேடினோம், "அரிய நீல நிறம்" என்று ஒரு விளம்பரம், சாம்பல் சோபாவில் ஆரஞ்சு மெத்தை மேல் ஐந்து குட்டிகள். நீலம் என்றால் நீலம் இல்லை, விபூதியைத் தண்ணீரில் குழைத்த நிறம். அது ஒன்றும் அரியதும் இல்லை, இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த தரத்திலேயே சிவப்பு, கறுப்போடு நீலமும் ஒரு நிறம், அவ்வளவுதான். இன்னொன்று, நிறம் மங்கிப் பிறக்கும் இந்த மாதிரி நாய்களில் சிலவற்றுக்கு ஆறு மாதத்துக்கு மேல் முதுகில் முடி கொட்டித் தோல் சொரசொரப்பாகிவிடும். அந்த நிறத்துக்குத்தான் நான் கூடுதலாக ஐநூறு பவுண்டு கொடுத்தேன்.

தாய் நாயைக் காட்டுங்கள் என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. கொரோனா காலம், உள்ளே வரக்கூடாது என்று அந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி ஒரு நாயைக் கொண்டுவந்து காட்டினார். அது குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு ஒட்டி, மடி என்று ஒன்றே இல்லை. மானாமதுரைப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை தெருநாய் குட்டி போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். ஈன்ற நாய் எப்படி இருக்கும், பக்கத்தில் போனால் எப்படி உறுமும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மகள் அதற்குள் குட்டியைக் கோட்டுக்குள் வைத்து மூடிவிட்டாள், பெயரும் வைத்தாயிற்று, மணி. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ரொக்கம்தான் வேண்டும் என்றதிலேயே திரும்பியிருக்க வேண்டும். கென்னல் கிளப் பத்திரம் தபாலில் வரும் என்றார். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

மறுநாள் கால்நடை மருத்துவர் கழுத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் அடையாளச் சிப்பைக் கருவியால் படித்துப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. எண் 642 என்று ஆரம்பித்தது. அது ருமேனியாவின் குறியீடு. எட்டு வாரம் என்று எங்களுக்கு விற்ற குட்டி. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 12 வாரத்துக்கு முன்னால் போட முடியாது, போட்ட பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும், ஆக அந்த விதிப்படி 15 வாரம் ஆகாத குட்டி சட்டப்படி இந்த நாட்டுக்குள் வந்திருக்கவே முடியாது. கிராட்லி ஹீத் அரை மணி நேரத்தில் இருக்க, நான் வாங்கியது எங்கிருந்தோ வேனில் அடைத்துக் கடத்திவந்த குட்டி! 2020 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் லூசி சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, வளர்த்தவரே, பிறந்த இடத்திலேயே, தாயோடு காட்டித்தான் விற்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வாடகைத் தாய்.

வயிறு நிறையப் புழு, பேதி, இரண்டு வாரம் தூக்கமில்லை. அப்புறம் தேறினான். அந்த ஐந்து மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டாஃபி வளர்ப்பது பற்றிக் கேட்டால், இது 16 அங்குலத்துக்கு மேல் வளராது, ஆணே 17 கிலோதான், ஆனால் இழுத்தால் கன்றுக்குட்டி இழுக்கிற மாதிரி இருக்கும், கழுத்துப்பட்டை போட்டு இழுக்கவிடாமல் மார்போடு சேர்த்துக் கட்டும் வார் வாங்குங்கள். டென்னிஸ் பந்து ஐந்து நிமிஷம் தாங்காது, கெட்டி ரப்பர்தான். முடி குட்டை என்பதால் குளிரில் நடுங்கும், வெயிலிலும் ஓட விடக்கூடாது, மூச்சு வாங்கினாலும் தானாக நிறுத்தத் தெரியாத ஜாதி. தனியாக விட்டுப் போனால் கதவை மென்றுவிடும். மனிதர்களிடம் குழைவதைப் பார்த்து எல்லா நாயிடமும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள், பூங்காவில் சங்கிலியை அவிழ்க்க வேண்டாம்.

ஏழாவது மாதம், பந்து விளையாடிவிட்டு வந்த மணியின் பின்னங்கால் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. ஓடிய களைப்பு என்று நினைத்தோம். அடுத்த மாதம் சமையலறைத் தரையில் வலிப்பு. வலிப்பு நோய்தான் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்து, கடைசியில் மரபணுச் சோதனையில் தெரிந்தது எல்-2-எச்ஜிஏ. உடம்பில் உண்டாகும் ஒரு அமிலத்தை உடைக்க முடியாமல் அது சேர்ந்து மூளையைப் பாதிக்கும் பிறவிக் கோளாறு, இந்த இனத்தில் தெரிந்த ஒன்றுதான். குணமாக்க மருந்து கிடையாது, வலிப்பை அடக்கலாம், அவ்வளவே. தாய், தகப்பன் இரண்டும் அந்தக் குறையைச் சுமந்தால்தான் குட்டிக்கு வரும். ஒன்று சுத்தமாக இருந்தாலே போதும், எந்தக் குட்டிக்கும் நோய் வராது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து எடுத்தால் முடிந்துவிடும் சோதனை இது! பரம்பரைக் கண்புரைக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. குட்டி பார்க்கப் போகும் முன்பே இரண்டு பெற்றோரின் இந்த இரண்டு சோதனை முடிவையும் கேளுங்கள். பதிவான நாய் என்றால் முடிவுகளை கென்னல் கிளப் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். கேட்டதும் விற்பவர் முகம் சுளித்தால் காரைத் திருப்புங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. "பெரிய சைஸ் ஸ்டாஃபி" என்று யாராவது சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய வகை நாயை வைத்திருப்பதே இங்கே குற்றம். ஆண் என்றால் 20 அங்குலம், அதற்கு மேல். ஸ்டாஃபிக்குத் தடை கிடையாது, ஆனால் வேறு எதையோ அந்தப் பெயரில் தலையில் கட்டினால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

புகார் கொடுத்தோம். கவுன்சிலில் எண் ஒன்று கொடுத்தார்கள். அந்த வீடு ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்ததாம், போன் எண் உயிரோடு இல்லை. மணிக்கு இப்போது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை. ஓட விடுவதில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே.

போன வாரம் மகள் போனை நீட்டினாள். அதே சாம்பல் சோபா, அதே ஆரஞ்சு மெத்தை, வேறு பெயர், வேறு ஊர். எட்டு வாரக் குட்டிகளாம், விலை 1,700.