பாரிஸின் இரு கூட்டாளிகள்: பெர்லினா, லண்டனா?

முதுகலை மாணவர்களுக்குப் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்துகிறேன். இரு நாடுகளின் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டை ஆழமாக நடத்த வேண்டியிருந்தது. ஒருபக்கம் பிரான்சும் ஜெர்மனியும் செய்துகொண்ட எலிசே உடன்படிக்கை (1963), அதன் தொடர்ச்சியான ஆஹன் உடன்படிக்கை (2019). மறுபக்கம் பிரான்சும் பிரிட்டனும் 2010இல் கையெழுத்திட்ட லான்காஸ்டர் ஹவுஸ் உடன்படிக்கைகள். நான் பிரான்ஸ்-ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தேன்.

படைபலம் மட்டும்தான் கணக்கு என்றால் லண்டனைத்தான் எடுத்திருக்க வேண்டும். பிரான்ஸ், பிரிட்டன் இரண்டுமே அணு ஆயுத நாடுகள், ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ உள்ளவை, வெளிநாட்டுக்குப் படை அனுப்பிப் பழகியவை. பிரிட்டன் பிரதமர் கேமரனும் பிரெஞ்சு அதிபர் சர்கோசியும் 2010இல் போட்ட ஒப்பந்தங்களில் ஒன்று, அணுகுண்டை வெடிக்காமலே சோதிக்கும் கூடத்தை பிரான்சின் வால்டுக்கில் இரு நாடுகளும் சேர்ந்து பயன்படுத்த வழி செய்தது. இவ்வளவு ரகசியமான இடத்தில் இன்னொரு நாட்டை உள்ளே விடுவது மிக அரிது. கூட்டுப்படைத் திட்டமும் உண்டு. ஜெர்மனியோடு பிரான்சுக்கு இந்த அளவு நெருக்கம் இல்லை.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது கையெழுத்துக்குப் பிறகான பராமரிப்பு. எலிசே உடன்படிக்கையில் கால அட்டவணையே எழுதப்பட்டிருக்கிறது. தலைவர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது சந்திக்க வேண்டும். வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இணக்கம் இருக்கிறதோ இல்லையோ, கூடித்தான் ஆக வேண்டும். தொடக்கமே சரியில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்புதல் தரும்போது ஜெர்மன் நாடாளுமன்றம் அமெரிக்க உறவையும் நேட்டோவையும் வலியுறுத்தி ஒரு முகவுரையைச் சேர்த்தது. பிரெஞ்சு அதிபர் தெகோலுக்கு அது பெரும் ஏமாற்றம். சில மாதங்களில் ஜெர்மன் பிரதமர் அடினாவரும் பதவி விலகினார். அப்படியும் அட்டவணை நின்றது. அதே ஆண்டு இளைஞர் பரிமாற்ற அலுவலகம் வந்தது. 1988இல் பாதுகாப்புக் குழுமம், அடுத்து இரு நாட்டு வீரர்களும் சேர்ந்த பிரிகேட் என்ற படைப்பிரிவு. ஆஹன் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு நாட்டு அமைச்சர் காலாண்டுக்கு ஒருமுறையாவது மறு நாட்டின் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் 50 பேர் கொண்ட கூட்டு நாடாளுமன்றப் பேரவையும் உருவானது.

இந்தப் பராமரிப்பின் பலன் நெருக்கடியில்தான் தெரியும். 2022 அக்டோபரில் எரிசக்தி விலை, வான்காப்பு என்று பாரிஸுக்கும் பெர்லினுக்கும் உரசல் முற்றி, கூட்டு அமைச்சரவைக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 ஜனவரி 22, எலிசேயின் அறுபதாம் ஆண்டு நாளில் பாரிஸில் கூடிவிட்டார்கள். இடைவெளி மூன்று மாதம். லண்டன் கதை வேறு. 2018 ஜனவரியில் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்டில் பிரான்ஸ்-பிரிட்டன் உச்சி மாநாடு நடந்தது. அடுத்தது 2023 மார்ச்சில்தான். பிரெக்ஸிட், மீன்பிடித் தகராறு, அதன்மேல் 2021இல் ஆஸ்திரேலியா பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, பிரிட்டனும் அமெரிக்காவும் உள்ள ஆக்கஸ் கூட்டணிக்குப் போனது என எல்லாம் சேர்ந்து ஐந்தாண்டை விழுங்கின. அணுத்துறைப் பணிகள் கீழ்மட்டத்தில் தொடர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நின்றுபோனது தலைவர்களின் உச்சி மாநாடுதான்.

ஐ.நா. சீர்திருத்தத்திலும் எனக்கு ஆஹன் பிடிக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஜெர்மனிக்கு நிரந்தர இடம் பெறுவது இரு நாட்டு ராஜதந்திரத்தின் முன்னுரிமை என்று அது சொல்கிறது. வீட்டோ உள்ள ஒரு நாடு இதை உடன்படிக்கை வாசகமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஐந்து வீட்டோ நாடுகளும் ஏற்காமல் சாசனம் மாறாது என்பதால் பலன் இன்னும் வரவில்லை.

ஆயுதத் தயாரிப்பில் நான் வெளியாள், என் கருத்துக்கு எடை குறைவு. ஆனால் 2017இல் பிரான்சும் ஜெர்மனியும் அறிவித்த போர் விமானத் திட்டம், ஸ்பெயின் சேர்ந்த பிறகும் டஸ்ஸோ, ஏர்பஸ் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனங்களின் இழுபறியில் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தால் இங்கே பிரிட்டனுக்கே மதிப்பெண் தருவேன். பிரெஞ்சு-பிரிட்டிஷ் ஏவுகணைகள் உக்ரைன் போர்க்களம் வரை போயிருக்கின்றன.

2025 ஜூலையில் பிரான்சும் பிரிட்டனும் வெளியிட்ட நார்த்வுட் பிரகடனம் வந்தது. இரு நாட்டு அணுப்படைகளும் தனித்தனியே இருந்தாலும் ஒருங்கிணைந்து இயங்கலாம் என்றது, அதற்கொரு வழிகாட்டுக் குழுவையும் அமைத்தது. லண்டன் பக்கம் இதுவரை குறைவாக இருந்ததே இந்த மாதிரி ஏற்பாடுதான். பாரிஸிலும் லண்டனிலும் ஆட்சி மாறிய பிறகும் அந்தக் குழு தவறாமல் கூடினால், என் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதுவேன்.