கார்டிஃப்ல அடுத்தடுத்த ரெண்டு சனிக்கிழமை, ரெண்டு மேட்ச்: எட்டு வயசு பையனோட போனவன் எழுதுற ரிவ்யூ

வேல்ஸ் தலைநகரம் கார்டிஃப் பக்கம் குடிவந்த நம்மாளுங்க வாட்ஸப் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த கேள்வி வந்துரும், பசங்கள கூட்டிட்டு ஒரு மேட்ச் பாக்கணும், ரக்பி போலாமா ஃபுட்பால் போலாமான்னு. ஒவ்வொரு தடவையும் டைப் பண்ணி கை வலிக்குது. அதான் மொத்தமா இங்க எழுதி வெச்சுடறேன், இனிமே லிங்க் மட்டும் குடுத்தா போதும்.

நான் பாத்தது 2025 மார்ச் 15, பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்துல வேல்ஸ் – இங்கிலாந்து ரக்பி. சரியா ஒரு வாரம் கழிச்சு மார்ச் 22, கார்டிஃப் சிட்டி ஸ்டேடியத்துல வேல்ஸ் – கசகஸ்தான் ஃபுட்பால். பையன் ஒருத்தன், ஊர் ஒண்ணு, ரெண்டு டீமுக்கும் ஜெர்சி சிவப்பு. கம்பேர் பண்ண இதவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முதல்ல ரக்பி டிக்கெட் எப்படி கிடைச்சுதுன்னு சொல்லணும், ஏன்னா மொத்த கதையும் அதுலதான் இருக்கு. எதிர்வீட்டு பெரியவர் ரோண்டா பள்ளத்தாக்குல பொறந்து வளந்தவர், அப்பா நிலக்கரி சுரங்கத்துல வேலை பாத்தவராம். இங்க இன்டர்நேஷனல் ரக்பி டிக்கெட்ல ஒரு பங்கு உள்ளூர் கிளப்புங்களுக்கு போகும், கிளப்புல மெம்பரா இருந்தா வாங்கிக்கலாம். அவர் வருஷா வருஷம் அப்படித்தான் வாங்குவார், பேரனுக்கும் சேத்து. இந்த தடவை பேரன் வரலன்னுட்டான். பதினாலு வயசு. "தாத்தா, 16 மேட்ச் வரிசையா தோத்திருக்கோம், இங்கிலாந்துகிட்ட அடி வாங்கறத நேர்ல வேற பாக்கணுமா"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டானாம். மனுஷன் வாடிப்போய் எங்க வீட்டு கதவ தட்டினார். அவருக்கும் உடம்பு சரியில்ல, ரெண்டு டிக்கெட்டையும் நீங்களே வெச்சுக்கோங்கன்னார். காசு குடுத்தேன், வாங்க மாட்டேன்னு ரொம்ப நேரம் மல்லுக்கட்டி அப்புறம் வாங்கினார். இங்கிலாந்து மேட்ச்ன்னா நல்ல சீட்டெல்லாம் ஒண்ணு நூறு பவுண்டுக்கு மேல போகும், அதனால பர்ஸ்ல கொஞ்சம் கண்ணு வெச்சுக்கோங்க.

அனுபவம்னு மட்டும் பாத்தா ரக்பிய அடிச்சிக்க ஆளே இல்ல. ஸ்டேடியம் ஊருக்கு நட்டநடுவுல, நம்ம ஊர்ல கோயில சுத்தி தெரு இருக்குமே அந்த மாதிரி. சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கினா அஞ்சு நிமிஷ நடை. மேட்ச் அன்னிக்கு பக்கத்துல இருக்கற வெஸ்ட்கேட் ஸ்ட்ரீட்ல வண்டி எதையும் விடமாட்டாங்க, தெரு முழுக்க டாஃபடில் பூ மாதிரி தொப்பி, டிராகன் கொடி, முகத்துல சிவப்பு பெயின்ட் அடிச்ச குழந்தைங்க, இங்கிலாந்துக்காரங்களும் வெள்ளை ஜெர்சி போட்டுட்டு அதே கூட்டத்துல அதே பப்புல நிக்கிறாங்க, ஒரு தள்ளுமுள்ளு கிடையாது. ரக்பில ரெண்டு பக்க ஆளுங்களும் கலந்துதான் உக்காருவாங்க, பிரிச்சு வெக்கிற பழக்கமே இல்ல. 1999ல தொறந்த ஸ்டேடியம், 74,000 பேர் கிட்ட உக்காரலாம், மேல மூடித்தொறக்கற கூரை. உள்ள போனதும் பையன் ஒரு நிமிஷம் வாயத் தொறந்தபடியே நின்னான்.

அப்புறம் தேசிய கீதம். அத எழுத்துல எப்படி சொல்றதுன்னு தெரியல. இங்க ஸ்கூல்ல எல்லா பசங்களுக்கும் வெல்ஷ் மொழி கட்டாயம், அதனால இவனுக்கு முழுசா தெரியும், எனக்கு பாதி வாயசைப்பு. அத்தன ஆயிரம் பேர் மைக் இல்லாம தொண்டைய தொறந்து பாடுறப்போ காலுக்கடியில காங்கிரீட் அதிருது. பக்கத்துல இருந்த தடிமனான ஆள் ஒருத்தர் கண்ணீர் விட்டு பாடுறார். என் பையன் எட்டிப்பாத்து என் காதுல கேக்கறான், "அவருக்கு யாராச்சும் செத்துட்டாங்களா அப்பா?"

இல்லடா, இன்னும் மேட்ச் ஆரம்பிக்கலன்னேன்.

மேட்ச் பத்தி சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். 14–68. ஹாஃப் டைம்லயே 7–33. இங்கிலாந்துக்கு பத்து ட்ரை, அதாவது பந்த கோட்டுக்கு அந்தப்பக்கம் தரையில வெச்சு எடுக்கற பாயின்ட். ஹென்றி பொல்லாக்னு ஒரு 20 வயசு பையன், நாட்டுக்கு அதான் முதல் மேட்ச், சப்ஸ்டிட்யூட்டா வந்து ரெண்டு ட்ரை போட்டுட்டு போறான். எங்காளுக்கு அவனத்தான் ரொம்ப பிடிச்சுது, கஷ்டம்!

குழந்தையோட போறவங்க ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு பீர். ரக்பில சீட்டுக்கே பீர் கொண்டுவரலாம், நாலு கிளாஸ் ஒரு அட்டையில செருகி தூக்கிட்டு வருவாங்க. வரிசை நடுவுல சீட்னா எழுந்து எழுந்து வழிவிட்டே முட்டி தேஞ்சுடும். எனக்கு பின்னாடி இருந்தவர் அரை கிளாஸ என் முதுகுல ஊத்திட்டு, பாவம், நாலு தடவ ஸாரி சொன்னார். ஃபுட்பால்ல இந்த தொல்லை கிடையாது, 1985ல வந்த ஒரு சட்டத்தால கிரவுண்டு தெரியற இடத்துல குடிக்கக் கூடாது, வேணும்னா கீழ போய் குடிச்சிட்டுதான் வரணும். ரெண்டாவது விதிங்க. ஏன் விசில் அடிச்சாங்கன்னு எட்டு வயசுக்கு புரியாது. சொல்லப்போனா எனக்கே புரியாது. ரெண்டு பக்கமும் குனிஞ்சு முட்டித் தள்ளுற ஸ்க்ரம் விழுந்துச்சா, யார் விழவெச்சாங்க, ரெஃப்ரிக்கு மட்டும் எப்படி தெரிஞ்சுது, ஆண்டவனுக்கே வெளிச்சம். கபடின்னா கூட தொட்டானா கோட்ட தாண்டினானான்னு பாட்டி வரைக்கும் சொல்லிடுவாங்க.

முடிஞ்சு டிரெயினுக்கு ஸ்டேஷன் பக்கத்துல ஊர் ஊரா பிரிச்சு கியூ போட்டிருப்பாங்க. கேன்டன், கிரேஞ்ச்டவுன் பக்கம் வீடுன்னா பேசாம நடந்துருங்க.

அடுத்த சனிக்கிழமை ஃபுட்பால். இது யார் ஐடியா தெரியுமா, அதே பேரன். ரக்பிக்கு தாத்தா கூப்பிட்டு வராதவன், ஃபுட்பாலுக்கு நாங்க போறோம்னு தெரிஞ்சதும் தானா வந்து "நானும் வரேன்"னு நிக்கறான். தலையில சிவப்பு மஞ்சள் பச்சைல அந்த பக்கெட் தொப்பி. எங்காளுக்கும் வழியில ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், காது வரைக்கும் இறங்குது.

ஸ்டேடியம் லெக்வித் பக்கம், ரீட்டெயில் பார்க்கும் கார் பார்க்கிங்குமா ஒரு அழகும் இல்லாத ஏரியா. 2009ல கட்டினது, 33,000 பேர் பிடிக்கும், அதாவது அங்க பாதி கூட இல்ல. டிக்கெட் விலை ரக்பியோட பாத்தா ரொம்ப கம்மி, ரெண்டு பசங்களோட போயும் கை சுடல. கிக்-ஆஃப்தான் ராத்திரி 7:45, சின்னதுங்களுக்கு லேட்டு, ஒரு குறைன்னா அதச் சொல்லலாம்.

ஆனா கூட்டத்த பாத்தப்போதான் எனக்கு வித்தியாசம் புரிஞ்சுது. ரக்பிக்கு வந்த பசங்க எல்லாம் யாராவது பெரியவங்க கையப் பிடிச்சுட்டு வந்தவங்க. இங்க பசங்க பசங்களோட வர்றாங்க, அப்பாங்க பின்னாடி பையத் தூக்கிட்டு வர்றாங்க. ஸ்கூல்ல ஒண்ணா படிக்கிற நாலு பேர எங்காளு வாசல்லயே பாத்துட்டான். சோமாலி பையன், பங்களாதேஷி பொண்ணு, ரெண்டு வெல்ஷ் பசங்க. எல்லார் தலையிலயும் அதே தொப்பி. யாரும் இங்க யாருக்கும் விதி சொல்லித் தர வேண்டியதில்ல. பாட்டு கூட தாத்தா சொல்லிக் குடுத்து வரல, யூடியூப்ல பாத்து வந்தது.

மேட்ச் சுமாருக்கு கொஞ்சம் மேல. டான் ஜேம்ஸ் ஆரம்பத்துலயே ஒரு கோல், அவங்க பெனால்டில சமன் பண்ணாங்க, செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சதும் பென் டேவிஸ் ஒண்ணு. 90 மேட்சுக்கு மேல ஆடின மனுஷன், நாட்டுக்காக அதான் அவரோட முதல் கோல், பேரன் சொல்லித்தான் எனக்கு தெரியும். கடைசில மடோண்டோ ஒண்ணு, 3–1. கிரெய்க் பெல்லமி கோச்சா வந்ததுல இருந்து பந்த சும்மா தூக்கி அடிக்காம ஆடுறாங்க, பாக்க நல்லாருக்கு.

இப்போ ஒரு விஷயம். ஜெயிக்கற பக்கம்தான் பசங்க போவாங்க, ரக்பி தோக்குது அதனால ஃபுட்பால்னு எல்லாரும் ஈசியா சொல்லிடறாங்க. பாதி உண்மை. ரக்பில வேல்ஸ் 2024, 2025 ரெண்டு வருஷமும் சிக்ஸ் நேஷன்ஸ்ல, அதான் ஐரோப்பால ஆறு நாடு வருஷா வருஷம் ஆடுற போட்டில, ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம கடைசி இடம். தொடர் தோல்வி 18 வரைக்கும் போய், ஜூலைல ஜப்பான்ல போய்தான் முடிஞ்சுது. அப்புறம் நவம்பர்ல தென்னாப்பிரிக்கா கார்டிஃப்க்கே வந்து 73–0ன்னு அடிச்சுட்டு போச்சு. அதே மாசம் ஃபுட்பால்ல வேல்ஸ் வடக்கு மாசிடோனியாவ 7–1ன்னு அடிச்சுது. பையன் என்ன முடிவெடுப்பான்?

ஆனா வயச கணக்கு போட்டு பாருங்க. என் பையன் பொறந்தது 2016 ஜூன் கடைசி. யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுங்க ஃபுட்பால் கப்ல, வேல்ஸ் பெல்ஜியத்த 3–1 அடிச்சு செமி ஃபைனல் போன அன்னிக்கு அவனுக்கு பத்து நாள், தெருவே வெளிய வந்து கத்தினதுல முழிச்சு அழுதான். ரக்பில வேல்ஸ் கடைசியா கிராண்ட் ஸ்லாம் அடிச்சது, அதாவது அந்த போட்டில எல்லா மேட்சும் ஜெயிச்சது 2019, அப்போ அவனுக்கு ரெண்டரை வயசு. கடைசியா சிக்ஸ் நேஷன்ஸ் கப் 2021, அதுவும் கோவிட் நேரம், காலி ஸ்டேடியம், ஒரு குழந்தை கூட நேர்ல பாக்கல. கடைசி கொண்டாட்டத்தையே பசங்க இல்லாமதான் கொண்டாடியிருக்காங்க.

அதுக்கு எதிர்ல 2022 கத்தார். வேல்ஸ் 64 வருஷம் கழிச்சு ஆடின ஃபுட்பால் வேர்ல்டு கப். ஈரான் மேட்ச் வெள்ளிக்கிழமை காலை 10 மணி, ஸ்கூல் நேரம். இவன் ஸ்கூல் ஹால்ல பெரிய ஸ்கிரீன் போட்டு எல்லாரையும் தரையில உக்கார வெச்சுட்டாங்க. கோல்கீப்பருக்கு ரெட் கார்டு, 90 நிமிஷம் தாண்டி இஞ்சுரி டைம்ல ரெண்டு கோல் வாங்கி தோத்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் ஆறு வயசு பையன் வீட்டுக்கு வந்து சாப்பிடாம அழுதான். தோல்விதான், ஆனா அவன் கிளாஸே சேந்து தோத்த தோல்வி. எங்க வீட்டுல ஃபுட்பால் உள்ள வந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். பெரியவருக்கு கேரத் எட்வர்ட்ஸ், பாரி ஜான்னு அந்தக்கால ரக்பி ஹீரோக்கள், 71, 76, 78 கிராண்ட் ஸ்லாம் எல்லாம் சொத்து மாதிரி, அப்பா கிட்ட இருந்து வந்தது. சொத்துன்னா வாரிசு இருந்தாத்தானே. எங்களுக்கு இந்த ஊர்ல தாத்தா கிடையாதே.

ஃபுட்பால்லயும் ஓட்டை இல்லாம இல்ல. இந்த பசங்க சனிக்கிழமை வேல்ஸ்னு கத்திட்டு ஞாயித்துக்கிழமை லிவர்பூல் ஜெர்சில நிக்கறாங்க. கார்டிஃப் சிட்டி அதே சீசன் முடிவுல மூணாவது டிவிஷனுக்கு இறங்குச்சு, சொந்த ஊர் டீம பத்தி பேச்சே இல்ல. அதுக்கு பதிலா வடக்கு மூலையில இருக்கற ரெக்ஸம் பேர்ல ஒரு மோகம், சினிமாக்காரங்க வாங்கினாங்க, தொடர்ந்து மூணு வருஷம் மேல மேல ஏறினாங்க, இங்க இருந்து கார்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும் அந்த ஊருக்கு, ஆனா எங்க பார்க்ல ரெக்ஸம் ஜெர்சி ரெண்டு ஓடுது.

வீட்டம்மா பக்கம் ஒரு காரணம் தனியா இருக்கு. ரயன் ஜோன்ஸ், வேல்ஸ் ரக்பி கேப்டனா இருந்தவர், நாப்பது சொச்சம் வயசுல டிமென்ஷியா, அதான் மறதி நோய்ன்னு 2022ல வெளிய சொன்னார். அத படிச்சதுல இருந்து, தலையில அடி வாங்கற ஆட்டம்னு இவங்க ரக்பி பேர எடுத்தாலே முறைக்கறாங்க. சின்ன பசங்களுக்கு டேக் ரக்பிதான், இடுப்பு பெல்ட்ல தொங்கற பட்டைய பிடுங்கினா போதும், ஆள இடிக்கறதே இல்லன்னு சொல்லிப் பாத்துட்டேன். "அப்போ பெரியவன் ஆனா?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. பொண்ணுக்கு ஆறு வயசு, அவ 2025 பெண்கள் யூரோல வேல்ஸ் வீராங்கனை ஜெஸ் ஃபிஷ்லாக் 38 வயசுல கோல் போட்டத பாத்துட்டு ஷூ வாங்கிக் குடுன்னு நிக்கறா, அது தனி செலவு.

சரி, மார்க். ஒரே ஒரு தடவதான் போக முடியும், ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்கன்னா கண்ண மூடிட்டு ரக்பி, அஞ்சுக்கு நாலரை, அந்த அரை போனது பீருக்கு. அடிக்கடி போகணும், பையனுக்கு ஸ்கூல்ல பேச ஆள் வேணும்னா ஃபுட்பால், நாலு. ரக்பி பிடிக்குமான்னு சோதிச்சு பாக்கணும்னா பெரிய ஸ்டேடியத்துல காசக் கொட்டாதீங்க, அதுக்கு ஒட்டினாப்புல ஆர்ம்ஸ் பார்க் இருக்கு, கார்டிஃப் ரக்பி கிளப் ஆடுற இடம். 2025 ஏப்ரல்ல கிளப் திவாலாகி வெல்ஷ் ரக்பி யூனியனே எடுத்துக்குச்சு, ஆனா மேட்ச் நடக்குது, டிக்கெட் கம்மி, கோட்டுக்கு பக்கத்துலயே உக்காரலாம், எலும்பு மோதற சத்தம் கேக்கும். வீட்டம்மாவ மட்டும் கூட்டிட்டு போகாதீங்க.

போன வாரம் பெரியவர் மறுபடி கதவ தட்டினார். அடுத்த சிக்ஸ் நேஷன்ஸ்க்கு கிளப்புல பேர் குடுக்கணுமாம், இந்த தடவ அவரும் வரார், பேரன் வரமாட்டான்னு முடிவே பண்ணிட்டார், உங்க பையன் வருவானான்னு கேட்டார். உள்ள திரும்பி கேட்டேன். டிவி முன்னாடி ஃபுட்பால் கேம் ஆடிட்டிருந்தவன் பாஸ் போட்டுட்டு கொஞ்சம் யோசிச்சான்.

"முதல்ல எல்லாரும் சேந்து பாடுவாங்கல்ல?"

ஆமாடான்னேன்.

"அப்போ வரேன். பாடி முடிச்சதும் வீட்டுக்கு வந்துரலாம்ல?"

பெரியவருக்கு தமிழ் தெரியாது. வரானாம்னு மட்டும் சொன்னேன்.