மூன்று மாதம் பார்த்த இலவசச் செய்தி ஆப்: ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம்

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 27 வருஷம் பெட்டிக்கடை வைத்திருந்தவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மாலைப் பேப்பர் கட்டு வந்து இறங்கியதும், கூடவே வரும் போஸ்டரைக் கிளிப்பில் மாட்டிக் கடை முன்னால் தொங்கவிடுவது தினசரி வேலை. கொட்டை எழுத்தில் ஆளை இழுக்கிற வித்தை எனக்குப் புதிதல்ல. இந்த விமர்சனம் எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி அதுதான்.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பிரயோஜனமில்லை. நடுவில் ஒருமுறை இதை நீக்கிவிட்டு வேறொன்றை இறக்கினேன். அதே செய்தி, அதே எழுத்துப் பிழையோடு அங்கேயும் உட்கார்ந்திருந்தது. 'கருத்து' என்று வரவேண்டிய இடத்தில் இரண்டிலும் 'கறுத்து'.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காசு கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், என் வயதுக்கு அது பெரிய உதவி. உள்ளூர் மின்தடை அறிவிப்பு முதல் நாளே வந்துவிடுகிறது. வைகை அணை, முல்லைப் பெரியாறு நீர்மட்டம் காலை எட்டு எட்டரைக்குள் வந்துவிடும். எங்கள் பக்கம் வயல் இல்லாதவன்கூட அணையில் எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பான். அதற்காகத்தான் ஒன்றரை நட்சத்திரம். அணை மட்டும் இல்லையென்றால் அரைதான்.

மற்ற செய்திகளுக்கு வருவோம். ஒருநாள் சாயங்காலம் பழைய கடன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வரிசையாக 20 செய்தியைத் திறந்து குறித்தேன். தலைப்பில் சொன்னது உள்ளே இருந்தது ஏழில். ஐந்தில் பாதி இருந்தது. எட்டில் சுத்தமாக இல்லை.

'தங்கம் விலை அதிரடிச் சரிவு! நகைக்கடைக்கு ஓடும் பெண்கள்.' உள்ளே போனால் கிராமுக்குப் பத்து ரூபாய் குறைந்திருக்கிறது. பத்து ரூபாய்க்கு யார் ஓடுவார்கள்? 'பிரபல நடிகைக்குத் திடீர் கல்யாணம்.. மாப்பிள்ளை யார் தெரியுமா?' கல்யாணம் நடந்தது சீரியலில். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது இதுதான்: 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? சற்றுமுன் வெளியான முக்கிய அறிவிப்பு.' பேரப்பிள்ளைகள் இரண்டும் தோளில் தொங்கிக்கொண்டு 'படிங்க தாத்தா, படிங்க தாத்தா' என்கின்றன. மழை எப்போது ஆரம்பித்தது, வடகிழக்குப் பருவமழை என்றால் என்ன, போன வருஷம் எந்தெந்த மாவட்டத்தில் விடுமுறை விட்டார்கள் என்று ஆறு பத்தி போகிறது. 'மேலும் படிக்க' என்று இரண்டு தடவை அழுத்த வேண்டும், நடுநடுவே விளம்பரம். கடைசி வரி: 'விடுமுறை குறித்து மாவட்ட நிர்வாகம் இதுவரை எதுவும் அறிவிக்கவில்லை.' அறிவிக்கவில்லை என்பதுதான் அந்த முக்கிய அறிவிப்பு!

நோட்டில் குறித்ததைத் திரும்பப் பார்த்தபோது ஒரு சூட்சுமம் பிடிபட்டது. யார், எங்கே, எவ்வளவு என்ற மூன்றில் ஒன்றை மட்டும் தலைப்பிலிருந்து உருவிவிடுகிறார்கள். உருவிய இடத்தில் இரண்டு புள்ளி. அதற்கு மேல் தூவிவிட ஒரு மசாலா டப்பா வைத்திருக்கிறார்கள்: அதிரடி, பகீர், பரபரப்பு, இன்ப அதிர்ச்சி, தாறுமாறு. ஒரே நாளில் 'இல்லத்தரசிகள் அதிர்ச்சி' மூன்று முறை வந்தது. என் வீட்டு இல்லத்தரசியிடம் காட்டினேன். "சிலிண்டர் தீர்ந்துருச்சு, அதுதான் எனக்கு அதிர்ச்சி. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

நாங்கள் தொங்கவிட்ட போஸ்டர் மட்டும் அரிச்சந்திரன் பரம்பரையா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 'பிரபல நடிகர் திடீர் மரணம்' என்று போஸ்டர் வரும். வாங்கிப் பார்த்தால் யாரோ வடநாட்டுப் பழைய நடிகர். அப்படி ஒருநாள் ஒரு டிராக்டர் டிரைவர், பேப்பரை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கல்லா மேல் வைத்து, "அண்ணே, காசைக் குடுங்க. நம்ம ஆளுன்னு நெனச்சுப் பதறிப்போய் வண்டிய நிறுத்திட்டு வந்தேன்" என்றார். நான் எழுதிய போஸ்டரா அது? ஆனாலும் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்தது நான்தானே. காசைக் கொடுத்துவிட்டு அந்தப் பேப்பரை, விற்காததைத் திருப்பி அனுப்புகிற ரிட்டர்ன் கட்டில் சேர்த்தேன். ஏஜென்ட்டிடமும் சண்டை போட்டேன். இரண்டு வாரத்துக்கு அந்த டிரைவர் சிகரெட்கூட வேறு கடையில்தான் வாங்கினார்.

இந்த ஆப்பில் அந்தச் சண்டையைப் போட ஆள் இல்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் போஸ்டர் இழுத்தாலும் பேப்பர் விற்றால்தான் காசு. இங்கே தலைப்பைத் தொட்ட உடனே விளம்பரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது, அவர்களுக்குக் காசு சேர்ந்துவிடுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. போஸ்டரே சரக்காகிவிட்டது. ரிட்டர்ன் கட்டும் கிடையாது.

சரி, வேடிக்கை இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அப்புறம் வருகிற தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். நல்ல மழை பெய்கிற வருஷங்களில் நடக்கிற காரியம்தான். கரையோரத்தில் இருப்பவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம், ஆடுமாட்டை ஓட்டிப் போக வேண்டாம் என்று சொல்வதற்கான ஏற்பாடு அது. எங்களுக்கு 66 அடி என்றால் சந்தோஷச் செய்தி.

இந்த ஆப்பில் அது எப்படி வந்தது தெரியுமா? (பார்த்தீர்களா, எனக்கும் தொற்றிக்கொண்டது.) 'வைகை அணையில் அபாயம்! 5 மாவட்ட மக்கள் பீதி.. அடுத்து என்ன நடக்கும்?' படத்தில் மதகுகளெல்லாம் திறந்து தண்ணீர் பொங்கிக்கொண்டு வருகிறது. அது வைகை அணையே இல்லை. எத்தனை அடி என்ற எண் தலைப்பில் இல்லை, முதல் பத்தியிலும் இல்லை. சோழவந்தானில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற என் தங்கச்சி ராத்திரி பத்தரை மணிக்குப் போன் பண்ணுகிறாள்: "அண்ணே, அணை ஒடையப் போகுதாமே, பிள்ளைகளக் கூட்டிட்டு அங்க வந்துரட்டுமா?" அவளுக்கு விவரம் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அவளுக்கு வயது 58, ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள். மறுநாள் நிஜமாகவே மூன்றாவது எச்சரிக்கை வந்து, இவள் 'போங்கடா, தினமும் இதே பல்லவிதான்' என்று ஆற்றங்கரைக்குத் துணி துவைக்கப் போனால் யார் பொறுப்பு?

அடுத்தது விளம்பரம். செய்தி வரிசையிலேயே, செய்தி மாதிரியே படமும் தலைப்புமாக வருகிறது. மூலையில் கடுகு அளவில் சாம்பல் நிறத்தில் 'விளம்பரம்' என்று இருப்பது கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை, மகள் விரலை வைத்துக் காட்டினாள். 'தேனியைச் சேர்ந்த 62 வயதுப் பாட்டியின் மூட்டுவலி ரகசியம்.. டாக்டர்களே திகைப்பு!' நம்ம தேனிப் பாட்டி ஆயிற்றே என்று என் மனைவிக்காகத் திறந்தேன். அதே விளம்பரத்தைப் பொள்ளாச்சியில் இருக்கிற மருமகன் போனில் பார்த்தபோது அது பொள்ளாச்சிப் பாட்டி. அதே முகம், அதே மூக்குத்தி. போன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பெயரைத் தானாகவே தலைப்பில் சேர்த்துக்கொள்ளுமாம்.

விலை 1,199 ரூபாய். 'இன்னும் 3 பாட்டில் மட்டுமே' என்று எழுதி, மேலே 15 நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில் முகவரியை அடித்துவிட்டேன். 14 நிமிடம் தாண்டியபின் அந்தப் பக்கத்தை மூடித் திறந்தால் கடிகாரம் மறுபடி 15-இலிருந்து ஓடியிருக்கும் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், அன்றைக்கும் மூன்று பாட்டில்தான் பாக்கி.

பொருள் வந்தது. பணத்தைக் கொடுத்தபிறகுதான் பிரிக்கலாம் என்றார் கொண்டுவந்த தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே 50 மில்லி எண்ணெய். ஒரு விலைச் சீட்டின் மேல் இன்னொன்றை ஒட்டியிருந்தார்கள். வாசனை அப்படியே நீலகிரித் தைலம். அதை எங்கள் கடையிலேயே இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கலாம். பெட்டியில் இருந்த நம்பர் மூன்று நாளாக ஸ்விட்ச் ஆஃப். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே கேட்டுக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை, வந்தாலும் நட்சத்திரத்தைக் கூட்ட மாட்டேன். ஏனென்றால் அது ஆப்பின் சாமர்த்தியம் அல்ல. மகள் தேடிக் காட்டியதில் தெரிந்துகொண்டது: இப்படிப் போலி அவசரம் காட்டுவதும், விளம்பரத்துக்குச் செய்தி வேஷம் போடுவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 13 தந்திரங்களின் பட்டியலில் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன், அந்த ஒரே பக்கத்தில் மூன்று இருந்தன. அதே ஆப்பில் 'சர்க்கரை நோய்க்கு ஏழே நாளில் முடிவு' என்று ஒரு பொடி வருகிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த எனக்கு அது இந்த வருஷம்தான் தெரியும்.

வீடியோப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முகப்புப் படத்தில் ஒருவர் அழுகிறார், சிவப்பு அம்புக்குறி ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டுகிறது, வீடியோவில் அந்த ஆளே வருவதில்லை. முகப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருந்தால் இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவோம் என்று யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது. இந்த ஆப்புக்கு அது பொருந்தாது போலிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், காலை அஞ்சே முக்காலுக்கு 'பழனி கோயிலில் இன்று..' என்று பாதி வாக்கியத்தோடு எழுப்புகிற அறிவிப்பை முதலில் நிறுத்துங்கள். அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் நிறுத்துவதற்கான பொத்தான் வரும். செய்தியைக் கீழேயிருந்து மேலே படியுங்கள், விஷயம் எப்போதும் கடைசிப் பத்தியில்தான் கிடக்கிறது. அங்கே எதையும் வாங்காதீர்கள்.

நான் இன்னும் நீக்கவில்லை. காலையில் திறந்து, அணை நீர்மட்டத்தை மட்டும் பார்த்து மூடிவிடுகிறேன். தங்கச்சியின் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அவளுக்குத் தினமும் எட்டே முக்காலுக்கு நானே ஒரு எஸ்எம்எஸ் போடுகிறேன். இன்றைக்கு அனுப்பியது: 'வைகை 61.25 அடி. துணி துவைக்கலாம்.'